வைரமுதுகு அந்துப்பூச்சியும் கடுகுக் குடும்பமும்

வைரமுதுகு அந்துப்பூச்சி இறக்கையை மடக்கி உட்கார்ந்தால் ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. முதுகில் வெளிர் மஞ்சளில் வரிசையாக வைர வடிவங்கள் தெரியும், பெயர் அதனால்தான்.

புழு தின்பது முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, கடுகு என ஏறக்குறைய கடுகுக் குடும்பம் மட்டுமே. இந்தச் செடிகளின் இலையைக் கடித்ததும் அதிலுள்ள குளுக்கோசினோலேட் என்ற வேதிப்பொருள் சிதைந்து காரமான நச்சாகும். மற்ற பூச்சிகள் பலவும் விலகிவிடும். இந்தப் புழுவின் குடலில் உள்ள சல்ஃபடேஸ் நொதியோ, நச்சு உருவாகும் முன்பே அந்தப் பொருளை மாற்றிவிடுகிறது. தாய்ப்பூச்சி முட்டையிட இடம் தேடுவதும் இந்தக் காரத்தின் வாசனையை வைத்துத்தான். விரட்ட வைத்த காரமே விருந்துக்கு அழைப்பு!

முதல் பருவப் புழு இலைக்குள் துளைத்துத் தின்னும். பிறகு அடிப்பக்கத்தைச் சுரண்டி, மேல்தோலை மட்டும் கண்ணாடிபோல விட்டுவைக்கும். தொட்டால் பின்னோக்கித் துள்ளி நூலில் தொங்கும். அதை வைத்தே அடையாளம் சொல்லிவிடலாம்.

ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பத் தெளிப்பதுதான் பெரிய தவறு. 1950களிலேயே டிடிடி பூச்சிக்கொல்லி இதனிடம் தோற்றது. வயலில் ‘பிடி’ (Bt) என்ற பாக்டீரியாவைக் கொண்ட நுண்ணுயிர் மருந்துக்கு எதிர்ப்புக் காட்டிய முதல் பூச்சியும் இதுவே. 25 வரிசைக் கோஸுக்கு 2 வரிசைக் கடுகு, நடவுக்கு 15 நாள் முன்னும் 25 நாள் பின்னும் விதைத்தால் முட்டைகள் கடுகுக்குத் திரும்பும். கடுகில் சேரும் புழுவை அங்கேயே அழிக்காவிட்டால், அது பொறியல்ல, நாற்றங்கால்.

பார்பேரியா என்ற களைச்செடியில் கதை வேறு. பூச்சி ஆசையாக முட்டையிடும். அதிலுள்ள சப்போனின் என்ற வேதிப்பொருள் புழுவைப் பிழைக்க விடாது.