அம்மாவின் குளிசைப் பார்சல்: வெள்ளவத்தையிலிருந்து ஸ்காபரோவுக்கு

அக்காவுடன் தங்கவென்று அம்மா கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து கனடாவின் ஸ்காபரோவுக்குப் போனபோது கல்சியம், மல்டிவிட்டமின், மீனெண்ணெய் எல்லாம் பெட்டியில் வைத்துத்தான் அனுப்பினோம். தங்கல் நீண்டது, போத்தல்கள் முடிந்தன. அங்கே கடைகளில் விட்டமின் குவிந்து கிடக்கிறது, வாங்கிப் போடுங்கோ என்றால் கேட்கமாட்டார். "எனக்கு வெள்ளவத்தைப் பாமசியில வாங்கிறதுதான் ஒத்துவரும்." அதற்கு மேல் பேச்சில்லை.

கனடாவில் விட்டமின், கனியுப்பு, மூலிகை மாத்திரை போன்றவை இயற்கைச் சுகாதாரப் பொருட்கள் என்ற வகைக்குள் வருகின்றன. 2004 முதல் அவற்றுக்குத் தனி ஒழுங்குவிதி இருக்கிறது. சொந்தப் பாவனைக்கு என்றால் 90 நாட்களுக்குரிய அளவு வரை தபாலில் எடுப்பிக்கலாம். இந்த 90 நாளைக் கணக்குப் பார்ப்பது நாம் போடுகிற அளவை வைத்தல்ல, லேபலில் உள்ள அளவை வைத்து. அம்மா கல்சியம் நாளுக்கு ஒன்றுதான் போடுவார். போத்தலில் இரண்டு என்று இருக்கிறது. ஆகவே 180 குளிசை, அதாவது 60 குளிசைப் போத்தல் மூன்று அனுப்பலாம். மீனெண்ணெயில் கதை மாறுகிறது. நாளுக்கு ஒன்று என்று லேபலில் உள்ள 100 குளிசைப் போத்தல், ஒன்றே ஒன்றென்றாலும் 90ஐத் தாண்டிவிடும். பத்துக் குளிசைக்காகப் பார்சலையே மறிப்பார்களா என்றால், அநேகமாக மாட்டார்கள். ஆனால் 60 குளிசைப் போத்தல் பக்கத்திலேயே இருக்கும்போது எதற்கு வீண் வம்பு என்று அதை எடுத்தேன்.

போத்தலை உடைத்து, எண்ணி, பிளாஸ்ரிக் பையில் போட்டால் பாரம் குறையும், தபால் செலவும் குறையும் என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். நான் அதைச் செய்யவில்லை. லேபல் இல்லாத குளிசை என்ன குளிசை என்று திறந்து பார்க்கும் அதிகாரிக்கு எப்படித் தெரியும்? சீல் உடையாமல், காலாவதித் திகதி தெரிகிற மாதிரி அப்படியே வைத்தேன்.

அம்மாவின் பட்டியலில் இருந்து இரண்டை வெட்ட வேண்டியிருந்தது. ஒன்று 60,000 அலகு விட்டமின் டி. அந்த அளவு கனடாவில் டொக்டரின் சீட்டுக்குத்தான் கிடைக்கும், அதை இந்த 90 நாள் கணக்கில் சேர்க்க முடியாது. மற்றது சித்த வைத்தியர் கொடுத்த செந்தூரம். ஆயுர்வேத மருந்துகள் சிலவற்றில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் இருப்பதாகக் கனடாச் சுகாதாரத் துறை 2005இலேயே எச்சரித்திருக்கிறது. லேபலே இல்லாத ஒரு பொட்டலத் தூளைச் சுங்கத்துக்கு விளங்கப்படுத்த என்னால் ஆகாது. அம்மாவுக்கு அதில் கோபம்தான். டொக்டரிடம் காட்டச் சொல்லி அக்காவிடம் பொறுப்பைத் தள்ளிவிட்டேன்.

முதலில் ஒரு பார்சல் ஏஜென்டிடம் விசாரித்தேன். "தம்பி, விட்டமின் எண்டு போட்டால் கரைச்சல். பிஸ்கற், சொக்லேற் எண்டு எழுதிவிடுங்கோ" என்றார். பொய்ப் பெயரில் போன பெட்டி திறந்து பார்க்கப்பட்டால் கேள்வி அம்மாவிடம்தானே வரும்! நன்றி சொல்லிவிட்டுத் தபாலகத்துக்கு நடந்தேன்.

அங்கே உள்ளே இருப்பதைப் பார்த்த பிறகுதான் ஒட்டச் சொல்வார்கள், ஆகவே பெட்டியைத் திறந்தபடியே கொண்டு போனேன். சுங்கப் பத்திரம் சீஎன் 23ஐ நிரப்புவதுதான் நேரம் தின்றது. 'மருந்து' என்று ஒரே சொல்லில் முடிக்காமல், 'கல்சியம் குளிசை, உணவுத் துணைப்பொருள், 3 போத்தல்' என்று ஆங்கிலத்தில் வரிக்கு வரி எழுதினேன். எடை, பெறுமதி, உற்பத்தி நாடு எல்லாம் பொருளுக்குப் பொருள் கேட்கிறார்கள். பெறுமதியைக் குறைத்து எழுதவில்லை. அன்பளிப்பு என்றால் 60 கனடா டொலர் வரை வரியில்லை. எங்கள் கூட்டுத்தொகை அதற்குள் அடங்கிவிட்டது. பெறுநர் பெயராக அக்காவை எழுதாமல் அம்மாவை எழுதி, அக்கா வீட்டு விலாசத்தைப் போட்டேன். சொந்தப் பாவனைக்கென்றால் பாவிக்கிறவர் பெயருக்குப் போவதுதானே முறை. பாமசி பற்றுச்சீட்டையும் எது யாருக்கு என்று எழுதிய ஒரு கடிதத்தையும் மேலே வைத்து ஒட்டினேன்.

பார்சல் எங்கே நிற்கிறது என்று அறிய, தபாலகத்தில் தந்த எல்கே (LK) என்று முடியும் இலக்கத்தைக் கனடாத் தபால் தளத்திலும் போட்டுப் பார்க்கலாம். சுங்கத்தில் கொஞ்ச நாள் அசையாமல் நின்றது. அம்மா தினமும் கோல் எடுத்தார், நான்தான் பிடித்து வைத்திருக்கிற மாதிரி. வந்து சேர்ந்தபோது பெட்டி திறக்கப்பட்டு வேறு டேப் போட்டு ஒட்டியிருந்ததாம். உள்ளே ஒன்றும் குறையவில்லை, வரியும் கேட்கவில்லை.

இந்த 90 நாள் அளவு முடியும் தறுவாயில்தான் அடுத்த பார்சல். இப்போது தலைக்கு வைக்கும் எண்ணெயும் கேட்கிறார். அதை யாராவது அந்தப் பக்கம் போகிறவர்களிடம் கொடுத்துவிட வேண்டியதுதான்.