ஆல்ட்டன் கல்லறைத் தோட்டமும் அத்தையின் கேள்வியும்

செயின்ட் லூயிஸில் இருக்கிறோம் என்றுதான் ஊரில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறோம். உண்மையில் நாங்கள் குடியிருப்பது மிசிசிப்பி ஆற்றின் இந்தக் கரையில், இல்லினாய் மாநிலத்து ஆல்ட்டனில். அந்தப் பெயரைச் சொன்னால் திண்டுக்கல்லில் யாருக்குத் தெரியும்? செயின்ட் லூயிஸ் தமிழர்களிலேயே பலருக்குத் தெரியாது. அவர்களுடைய வேலை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், கோயில் எல்லாம் மேற்கே, மிசௌரி மாநிலத்தில். பால்வின்னில் இருக்கும் கோயிலுக்குப் போக நாங்கள் முதலில் மிசிசிப்பியைத் தாண்ட வேண்டும், அப்புறம் மிசௌரி ஆற்றையும் தாண்ட வேண்டும். கறிவேப்பிலை வாங்க இரண்டு மகாநதிகளைக் கடக்கிற குடும்பம் என்று என் கணவர் கிண்டல் செய்வார்.

ஆல்ட்டன் மேடும் பள்ளமுமான பழைய ஊர். செங்கல் வீடுகள், ஆற்றை நோக்கிச் சரிந்து இறங்கும் தெருக்கள். குளிர்காலத்தில் வெண்தலைக் கழுகுகளைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருவார்கள். உலகிலேயே உயரமான மனிதர் என்று பதிவான ராபர்ட் வாட்லோவின் ஊர் இது. 8 அடி 11 அங்குலம். அவருடைய ஆளுயரச் சிலைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளாத விருந்தாளியே எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. ஜாஸ் இசைக்கலைஞர் மைல்ஸ் டேவிஸ் பிறந்ததும் இங்கேதான்.

வந்த புதிதில் காலையில் நடக்க எங்கே போகலாம் என்று பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட்டேன். "கல்லறைத் தோட்டத்துக்குப் போ, வண்டி வராது, மரமும் நிறைய இருக்கு" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் பக்கத்தில் பெண்கள் சுடுகாட்டு வாசல் மிதிப்பதில்லை. எழவு வீட்டுக்குப் போய் வந்தாலே தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைவோம். இங்கே என்னடாவென்றால் நாயைக் கூட்டிக்கொண்டு, காதில் பாட்டு ஓட, கையில் காப்பியோடு நடக்கிறார்கள். கொஞ்ச காலம் வேறு தெருக்களில் மூச்சு வாங்க ஏறி இறங்கிப் பார்த்தேன். கடைசியில் நானும் அங்கேயே போக ஆரம்பித்தேன். வீட்டுக்கு வந்ததும் குளிப்பதை மட்டும் விடவில்லை. நடந்தால் குளிக்கத்தானே வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

அங்கே போனால் கண்ணில் படாமல் போகாத ஒன்று உண்டு. சுமார் 110 அடி உயரத் தூண், உச்சியில் சிறகு விரித்த வெற்றித் தேவதை. 1897இல் மாநில அரசும் ஊர்க்காரர்களும் பணம் போட்டு எழுப்பியது. யாரோ பெரிய படைத்தலைவர் போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் போய்ப் படித்தால், 35 வயதைத் தொடும் முன்பே செத்துப்போன ஒரு பத்திரிகை ஆசிரியர். பெயர் எலைஜா லவ்ஜாய். அவரைக் கொன்றது இந்த ஊர்தான்.

இந்த ஊரோடு எனக்கு ஒட்டுதல் வந்ததே இந்த மனிதரால்தான், அதனால் அவர் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அவரும் வந்தேறிதான். பிறந்தது கிழக்குக் கோடியில், மெய்ன் மாநிலத்து ஆல்பியனில், 1802இல். அப்பா கிறித்தவ ஊழியர். கல்லூரி முடித்துவிட்டுப் பிழைப்புத் தேடி 1827இல் செயின்ட் லூயிஸ் வந்தார். அன்றைக்கு அமெரிக்காவின் மேற்கு எல்லை ஏறக்குறைய இதுதான். பள்ளிக்கூடம் நடத்தினார், பத்திரிகையில் பங்கு வாங்கினார், நடுவில் பிரின்ஸ்டன் போய் இறையியல் படித்துப் போதகரானார். 1833 நவம்பரில் 'செயின்ட் லூயிஸ் அப்சர்வர்' என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார்.

ஆரம்பத்திலேயே அவர் அடிமை முறைக்கு எதிராகக் கிளம்பிவிடவில்லை. சொல்லப்போனால் அவர் முதலில் இருந்த அச்சுக்கூடத்தில் வில்லியம் வெல்ஸ் பிரவுன் என்ற அடிமைச் சிறுவன் கூலிக்கு விடப்பட்டு வேலை பார்த்தான். கூலி அவனுடைய எசமானுக்கு. பின்னாளில் தப்பி ஓடி எழுத்தாளரான அந்தப் பிரவுன், அடிமையாக இருந்தபோது தனக்குக் கிடைத்த சொற்பப் படிப்புக்கு லவ்ஜாய்தான் காரணம் என்று நன்றியோடு எழுதியிருக்கிறார். லவ்ஜாயின் பேனா அந்த நாட்களில் கத்தோலிக்கர்களைத்தான் அதிகம் தாக்கியது. அதைப் படித்தால் இன்றைக்கு முகம் சுளிக்க வைக்கும். தூணில் அதெல்லாம் இல்லை. தூண்களில் அதையெல்லாம் யார் பொறிக்கிறார்கள்?

1836 ஏப்ரலில் செயின்ட் லூயிஸில் ஒரு கொடூரம் நடந்தது. ஃபிரான்சிஸ் மெகின்டாஷ் என்பவர் ஆற்றுக் கப்பலில் வேலை பார்த்த சுதந்திரக் கறுப்பர். அவரைக் காவலர்கள் பிடித்துப் போகும்போது ஏற்பட்ட கைகலப்பில் ஒரு காவல் அதிகாரி கத்திக்குத்துப்பட்டுச் செத்தார். கும்பல் சிறையை உடைத்து மெகின்டாஷை இழுத்து வந்து, மரத்தில் சங்கிலியால் கட்டி உயிரோடு எரித்தது. வழக்கு வந்தபோது லூக் லாலெஸ் என்ற நீதிபதி நடுவர் குழுவிடம் சொன்னது இன்னும் மோசம். நாலு பேர் செய்திருந்தால் தண்டிக்கலாம், ஊரே சேர்ந்து செய்தால் அது சட்டத்தின் கைக்கு எட்டாதது என்றார். போதாததற்கு, பழியை லவ்ஜாயின் பத்திரிகை போன்றவற்றின் மேலேயே திருப்பிவிட்டார். லவ்ஜாய் இரண்டையும் கண்டித்து எழுதினார். அவருடைய அச்சகத்தை அடித்து நொறுக்கினார்கள்.

சரி, அடிமை முறை இல்லாத மாநிலம் எதிர்க்கரையில்தானே இருக்கிறது என்று மூட்டை கட்டிக்கொண்டு ஆல்ட்டன் வந்தார். மிஞ்சிய அச்சு இயந்திரம் வந்து இறங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஓய்வு நாளில் சாமான் தூக்கக் கூடாது என்று கரையிலேயே விட்டுவைத்தார். இரவோடிரவாக அதை ஆற்றில் தள்ளிவிட்டார்கள். புது ஊரின் முதல் வரவேற்பு!

சட்டப்படி அடிமை முறை இல்லாத ஊரில் எதற்கு இவ்வளவு கோபம் என்று எனக்கும் முதலில் புரியவில்லை. ஆல்ட்டனுக்கு அன்றைக்குச் செயின்ட் லூயிஸை மிஞ்சிவிடும் கனவு இருந்தது. வியாபாரமெல்லாம் ஆற்று வழியே தெற்கத்தி அடிமை மாநிலங்களோடு. அடிமை முறையை எதிர்க்கும் இந்தப் பத்திரிகையால் தெற்கத்திக்காரன் சரக்கு வாங்காமல் போய்விட்டால்? அதோடு 1837இல் நாடெங்கும் வங்கிகள் திணறிப் பணமுடை வேறு. கடைத்தெரு பயந்துவிட்டால் நியாயம் பேசுகிறவன்தான் முதல் எதிரி. இதை நாம் நம் ஊர்களிலும் பார்த்திருக்கிறோம்.

1837 ஆகஸ்டில் ஒரு இயந்திரத்தை உடைத்தார்கள். செப்டம்பரில் அடுத்தது. அக்டோபரில் அவர் மனைவி சீலியாவின் தாய் வீட்டுக்கு, மிசௌரியின் செயின்ட் சார்லஸுக்குப் போயிருந்தபோது அங்கேயும் கும்பல் நுழைந்தது. கைக்குழந்தைக்காரியான சீலியா, உடம்பு முடியாத நிலையிலும் புருஷனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தவர்களை அறைந்து விரட்டியிருக்கிறாள். வீரக் கதைகளில் அவளுக்கு ஒரு வரிதான் கொடுக்கிறார்கள். எனக்கு அந்த ஒரு வரிதான் மனசில் நின்றது.

நவம்பர் 3ஆம் தேதி ஊர்ப் பெரியவர்கள் கூட்டம் போட்டு, நீங்கள் போய்விட்டால் எல்லோருக்கும் நல்லது என்று நாகரிகமாகச் சொன்னார்கள். லவ்ஜாய் எழுந்து பதில் பேசினார். நான் எங்கே போக, இங்கே பாதுகாப்பில்லை என்றால் எங்கும் பாதுகாப்பில்லை, ஆல்ட்டனிலேயே இருந்து என் உரிமையைக் கேட்பேன், செத்தால் என் கல்லறை ஆல்ட்டனில்தான் என்பது அவர் பேச்சின் சாரம். பேசும்போது அழுதுவிட்டாராம், கேட்டவர்களிலும் சிலர் அழுதார்களாம். மனசு மட்டும் மாறவில்லை.

நான்காவது இயந்திரம் நவம்பர் 7 விடியும் முன்னே கப்பலில் வந்து இறங்கியது. காட்ஃப்ரே, கில்மன் என்ற இரு வியாபாரிகளின் கல் கிடங்கில் வைத்துப் பூட்டினார்கள். அந்த காட்ஃப்ரேயின் பெயரில்தான் எங்கள் பக்கத்து ஊர் இருக்கிறது, வாராவாரம் பால் வாங்கப் போகும் ஊர். அன்றிரவு கும்பல் கிடங்கைச் சூழ்ந்தது. உள்ளே லவ்ஜாயோடு இருபது பேர் போல இருந்தார்கள். இரண்டு பக்கமும் துப்பாக்கி வெடித்தது, கும்பலில் ஒருவர் செத்தார். மரக்கூரைக்குத் தீ வைக்க ஏணி சாத்தினார்கள். அதைத் தடுக்க வெளியே வந்த லவ்ஜாயை ஐந்து குண்டுகள் துளைத்தன. அப்புறம் இயந்திரத்தை ஜன்னல் வழியே தள்ளி, உடைத்து, ஆற்றில் போட்டார்கள். மறுமாதம் பாஸ்டனில் வெண்டல் ஃபிலிப்ஸ் என்ற பேச்சாளர் கண்டனக் கூட்டத்தில் முழங்கினார். 1838 ஜனவரியில் ஸ்பிரிங்ஃபீல்டில் ஆபிரகாம் லிங்கன் என்ற 28 வயது வழக்கறிஞர், ஆசிரியர்களைச் சுட்டு அச்சு இயந்திரங்களை ஆற்றில் எறிகிற கும்பல் ஆட்சியைப் பற்றி எச்சரித்துப் பேசினார். ஆல்ட்டன் நீதிமன்றத்தில் யாருக்கும் தண்டனை கிடையாது.

நவம்பர் 9, அவருடைய பிறந்த நாள். அன்றுதான் அடக்கம். ஆட்கள் அதிகம் இல்லை, கல்லும் வைக்கவில்லை. சீலியா வரும் நிலையிலேயே இல்லை.

போன கோடையில் என் மாமியார் ஆறு மாத விசாவில் வந்திருந்தார். கல்லறைத் தோட்டம் என்றதும் வரவே மாட்டேன் என்றார். வீட்டில் தனியாக அடைந்து கிடந்து அலுத்துப்போய், ஒரு நாள் அவராகவே செருப்பை மாட்டினார். தூணைச் சுற்றி வந்தோம். கதையைச் சொன்னேன். அத்தை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சுதந்திரம், பத்திரிகை இதிலெல்லாம் போகாமல் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"ஏம்மா, பொறந்தது எங்கேயோ, செத்தது இங்க. இந்த மனுசனுக்கு யாரு திதி குடுக்குறாக?"

தூணுக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கும் நிஜக் கல்லறைக்குக் கூட்டிப்போனேன். தூணைப் பார்க்க வருகிற பலரும் அங்கே போவதில்லை. எளிமையான கல், அதில் லத்தீன் எழுத்து. 'இங்கே லவ்ஜாய் கிடக்கிறார், புதைந்தவரை இனியாவது விட்டுவிடுங்கள்' என்கிற மாதிரி. வருஷக்கணக்கில் அடையாளம் இல்லாமல் கிடந்த இடம் இது. அடக்கத்துக்கு உதவிய ஸ்காட்ச் ஜான்ஸ்டன் என்ற கறுப்பர் இடத்தை நினைவில் வைத்திருந்து காட்டினார். தாமஸ் டிமாக் என்ற பத்திரிகைக்காரர் 1860களில் பொறுப்பெடுத்துக் கல் வைத்தார். இரண்டு பேருமே சொந்தக்காரர்கள் இல்லை என்றேன். அத்தை தலையை ஆட்டிக்கொண்டார். "எடத்தக் காட்டுனவருதான் பிள்ள" என்றார்.

சொந்தபந்தம் இல்லாமல் இல்லை. அண்ணன் உடலருகே நின்று அடிமை முறையை எதிர்த்தே தீருவேன் என்று சபதம் எடுத்தவர் தம்பி ஓவன் லவ்ஜாய். வடக்கே பிரின்ஸ்டன் என்ற இல்லினாய் ஊரில் போதகராக இருந்துகொண்டு, தப்பி வரும் அடிமைகளை வீட்டில் ஒளித்துவைத்து அனுப்பினார். நாடாளுமன்றத்துக்குப் போன பிறகும் மறைக்கவில்லை. என் வீடு இன்ன இடத்தில் இருக்கிறது, கதவைத் தட்டி உதவி கேட்கிற எவருக்கும் உதவுவேன் என்று அவையிலேயே அறிவித்தார். லிங்கனுக்கு நெருங்கிய நண்பர், 1864இல் இறந்தார். அந்த வீடு இப்போது அருங்காட்சியகம், கல்லறை அதே ஊரில் ஓக்லாந்து தோட்டத்தில். அண்ணன் மட்டும் சொன்னபடி ஆல்ட்டனில் தனியாக.

அத்தைக்கு இப்போது கல்லறைகளில் ஆர்வம் பிறந்துவிட்டது. செயின்ட் லூயிஸ் கால்வரி தோட்டத்தில் இருக்கும் டிரெட் ஸ்காட் கல்லறைக்கும் கூட்டிப்போனோம். அடிமை முறை இல்லாத மண்ணில் வாழ்ந்ததால் நான் சுதந்திர மனிதன் என்று வழக்காடி, 1857இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றவர். கல்லின் மேல் லிங்கன் தலை போட்ட ஒரு சென்ட் காசுகளை வரிசையாக வைத்திருந்தார்கள். "நெத்திக்காசு" என்றார் அத்தை, யாரும் விளக்காமலே.

அதே மாதத்தில் எங்கள் தமிழ் வட்டத்தில் ஒருவருடைய அப்பா, பிள்ளையைப் பார்க்க வந்த இடத்தில் இறந்துபோனார். இப்படி நடந்தால் என்ன செய்வது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஃபியூனரல் ஹோம் ஏற்பாடு, வேன், தகனம் எல்லாம் நேரம் குறித்துத்தான் நடக்கும். கொள்ளி வைக்கும் மகன் பொத்தானை அழுத்த அனுமதி கேட்டு வாங்கினோம். சாம்பலை ஊருக்குக் கொண்டுபோக மரணச் சான்றிதழ், தகனச் சான்றிதழ், சிகாகோ இந்தியத் துணைத் தூதரகத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். விமான நிலையத்தில் எக்ஸ்ரே ஊடுருவுகிற பெட்டியில்தான் சாம்பல் இருக்க வேண்டும், உலோகச் செம்பு உதவாது. பெற்றோரை வரவழைக்கிறவர்கள் பயணக் காப்பீட்டில் உடலை ஊருக்கு அனுப்பும் செலவும் அடங்குமா என்று இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் அன்றைக்குத்தான் எங்கள் பத்திரத்தை எடுத்துப் படித்தோம்.

சாப்பாட்டு மேசையில் காகிதங்களோடு நாங்கள் உட்கார்ந்திருந்ததை அத்தை பார்த்துவிட்டார். எதற்கு இத்தனை சர்டிபிகேட் என்றார். மழுப்பிப் பார்த்தோம், விடவில்லை. கடைசியில் என் கணவர் கேட்டேவிட்டார், "உனக்கு இங்க ஏதாவது ஆச்சுன்னா என்னம்மா பண்ணணும்?"

"ஊருக்கெல்லாம் தூக்கிட்டு அலையாதீக. ஆறுதான் இங்கயே ஓடுதே."

"இங்க கரைக்க விடுவாங்களான்னு கேக்கணும்மா."

"கேளு. அம்புட்டுப் பெரிய மிசினத் தூக்கிப் போட்டப்ப யாரும் ஒண்ணும் கேக்கலையில்ல?"

அந்த அச்சு இயந்திரங்களில் ஒன்றின் சட்டகத்தை 1915இல் ஆற்றிலிருந்து எடுத்து ஆல்ட்டன் டெலிகிராஃப் பத்திரிகைக்காரர்கள் பாதுகாத்து வைத்தார்கள் என்றேன். மற்றவை இன்னும் உள்ளேதான் கிடக்கின்றனவா என்று கேட்டார். இருக்கலாம் அத்தை என்றேன். அத்தை கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப அந்த எடம் வேணாம். கொஞ்சம் மேலாப்புல தள்ளிப் பாத்துக் கரைங்க."