இருபது நாள், ஒரு வீடு

கோத்தகிரியில் நவம்பர் பிறந்துவிட்டால் மாலை நான்கு மணிக்கே விளக்குப் போட வேண்டும். மூடுபனி சன்னலுக்கு வெளியே வந்து நின்றுகொள்ளும். எதிர்வீட்டு மேரக்காய்ப் பந்தல்கூடத் தெரியாது. போன மழைக்காலத்தில் அப்படி ஒரு மாலையில்தான் என் மகள் டிவியில் ஒரு டென்மார்க் தொடரைப் போட்டு, “போலீஸ் கதை அம்மா, பார்த்துக்கொண்டிருங்கள்” என்று சொல்லிவிட்டு மறுநாள் கோவைக்குப் பஸ் ஏறினாள். எனக்குப் போலீஸ் கதைகள் பிடிக்காது. 31 ஆண்டுகள் காவல் துறையில் இருந்தவள் நான். அதில் பாதிக்காலம் நிலைய எழுத்தர், எங்கள் பேச்சில் ‘ரைட்டர்’. திரையில் ஓர் இன்ஸ்பெக்டர் மேசையைத் தட்டிக் கத்தினால் சேனலை மாற்றிவிடுவேன். இந்தத் தொடரை மாற்றவில்லை. இருபது பகுதிகளையும் பார்த்தோம், நானும் அவரும்.

என் கணவர் தேயிலைத் தொழிற்சாலையில் டிரையர் பக்கம் நின்றே காலத்தைக் கழித்தவர். காது மந்தம். கீழே ஓடும் ஆங்கில வரிகளை அந்த வேகத்துக்கு அவரால் படிக்கவும் முடியாது. அதனால் ஒவ்வொரு வரியையும் நான் தமிழில் உரக்கச் சொல்லிக்கொண்டே வந்தேன். மகளைப் பறிகொடுத்த ஒரு தாயின் பேச்சை இருபது நாள் என் வாயால் சொன்னேன். சும்மா பார்ப்பதற்கும் அதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

தொடரின் பெயர் ‘ஃபோர்பிரூடெல்சன்’. டேனிஷ் மொழியில் ‘குற்றம்’ என்று பொருள். டென்மார்க்கின் பொதுத்துறைத் தொலைக்காட்சியான டி.ஆர். 2007இல் ஒளிபரப்பியது. எழுதியவர் சோரன் ஸ்வைஸ்ட்ரப். நன்னா என்ற பள்ளி மாணவியின் உடல், தண்ணீரில் மூழ்கிய ஒரு காரின் பின்பெட்டியில் கிடைக்கிறது. அடுத்து வரும் இருபது நாள்கள்தான் கதை. பகுதிக்கு ஒரு நாள்.

முதல் பகுதியிலேயே ஒரு காட்சி. தந்தை சம்பவ இடத்துக்கு ஓடுகிறார். போலீசார் தடுக்கிறார்கள். கையில் இருக்கும் போனில் மறுமுனையில் மனைவி, வீட்டில். அவர் அலறுவது அவள் காதில் விழுகிறது. அவளிடம் எவரும் எதையும் சொல்லவில்லை. அந்த அலறலே அவளுக்குச் செய்தி. நான் மொழிபெயர்க்க அங்கே வரி எதுவும் இல்லை. என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். புரிந்துவிட்டது என்று தலையசைத்தார்.

வீட்டுக்குப் போய்த் தகவல் சொல்லும் வேலையைப் பெரும்பாலும் பெண் போலீசிடம்தான் கொடுப்பார்கள். என்னிடம் எத்தனையோ முறை வந்திருக்கிறது. ஒரு முறை, தேயிலைத் தோட்டத்து லயன் வீடு ஒன்றில், நான் வாயைத் திறக்கும் முன்பே அந்த அம்மாவுக்கு என் முகம் சொல்லிவிட்டது. அவர் முதலில் அடுப்பை அணைத்தார். கொதித்துக்கொண்டிருந்த சோற்றுப் பானையை இறக்கி ஓரமாக வைத்தார். அவிழ்ந்திருந்த முடியை அள்ளி முடிந்துகொண்டு, “எந்தப் பக்கம் போகவேண்டும்?” என்று கேட்டார். அழுகை வந்தது ஜீப்பில் ஏறிய பிறகு. கேஸ் டைரியில் இதற்கெல்லாம் இடம் கிடையாது. இறந்தவரின் உறவினருக்கு இத்தனை மணிக்குத் தகவல் தெரிவிக்கப்பட்டது என்று ஒரு வரி எழுதுவோம். நானே எத்தனையோ முறை எழுதிய வரி அது. இந்தத் தொடர் அந்த ஒற்றை வரிக்குள் புகுந்து இருபது நாள் குடியிருக்கிறது. நன்னாவின் தம்பிகள் இரண்டு பேரைப் பள்ளிக்கு அனுப்பவேண்டும். சாமான் ஏற்றி இறக்கும் தொழிலில் லாரிக்குக் காத்திருப்பவர்களுக்குப் பதில் சொல்லவேண்டும். மகளுக்கென்று வாங்கிய பொருள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். கொலை நடந்த வீட்டில் மறுநாளும் பால் வாங்கத்தான் வேண்டும். இதைத் திரையில் இவ்வளவு பொறுமையாக நான் வேறெங்கும் கண்டதில்லை.

துப்பறியும் அதிகாரி சாரா லுண்ட். நடித்தவர் சோஃபி கிரோபெல். ஒரு ஃபரோ தீவுக் கம்பளி ஸ்வெட்டரை மாற்றாமல் போட்டுக்கொண்டு திரிவார். அந்த ஸ்வெட்டர் உலகப் புகழ் பெற்றுவிட்டதாக மகள் சொன்னாள். எங்களுக்கு அதில் வியப்பு இல்லை. ஊட்டியில் திபெத்தியர் கடையில் வாங்கிய ஒரே ஸ்வெட்டரைக் காக்கிக்கு மேல் போட்டு, பனிக்காலம் முழுவதும் பாரா நின்றவர்கள் நாங்கள். எனக்குப் பிடித்தது அவர் நிற்கும் விதம். சம்பவ இடத்தில் பேசமாட்டார். சுற்றிப் பார்ப்பார், மறுபடி பார்ப்பார். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த பழைய ஏட்டையா ஒருவர், மகஜர், அதாவது சம்பவ இடத்தைப் பற்றிய பதிவு, எழுதும் முன் பேனாவைத் திறக்காமல் பத்து நிமிடம் நிற்கவேண்டும் என்பார். லுண்டைப் பார்க்கும்போதெல்லாம் அவர் நினைவு வந்தது.

ஆனால் லுண்டின் வீட்டைப் பற்றி எனக்கு வருத்தம் உண்டு. பெற்ற மகன் கைவிட்டுப் போகிறான். மணக்க இருந்தவர் ஸ்வீடனில் காத்துக் காத்து ஓய்கிறார். ‘பாலம்’ என்ற டேனிஷ்–ஸ்வீடிஷ் தொடரின் பெண் அதிகாரி சாகா நோரேனுக்கும் கிட்டத்தட்ட இதே கதிதான். வேலையில் கெட்டிக்காரியான பெண் என்றால் வாழ்க்கையில் எல்லாவற்றையும் இழந்திருக்கவேண்டும் என்று இவர்களுக்கு யார் சொன்னார்கள்? தமிழ்நாட்டில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992இல் சென்னையில் திறந்தார்கள். அதற்குப் பின் வந்த எங்கள் தலைமுறை, கைக்குழந்தையை அம்மா வீட்டில் விட்டுவிட்டுப் பந்தோபஸ்துக்குப் போனது. விடிந்ததும் வந்து இட்லி ஊற்றியது. களைத்துப்போனோம், கத்தினோம், சண்டை போட்டோம். ஆனாலும் வீடு இருந்தது. அந்தப் பெண்களில் ஒருத்தியையாவது திரையில் பார்க்க ஆசைப்படுகிறேன்.

‘பாலம்’ 2011இல் தொடங்கியது. டென்மார்க்கின் கோபன்ஹேகனையும் ஸ்வீடனின் மால்மோவையும் இணைக்கும் ஓரசுண்ட் பாலம் 2000இல் திறக்கப்பட்டது. அதன் நட்டநடுவே, எல்லைக்கோட்டின் மேல் ஓர் உடல். இந்தப் பாதி உங்களுக்கு, அந்தப் பாதி எங்களுக்கு. இரண்டு நாட்டு அதிகாரிகளும் ஒரே ஜீப்பில் ஏறியதுபோல் வேலை செய்கிறார்கள். அவர் டேனிஷ் பேசுகிறார், இவர் ஸ்வீடிஷ் பேசுகிறார், அவரவர் மொழியில். கூடலூர்ப் பக்கம் இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்த எனக்கு அது வீட்டுப் பேச்சு மாதிரி இருந்தது. அங்கே கேரளப் போலீசார் மலையாளத்தில் கேட்பார்கள், நாங்கள் தமிழில் பதில் சொல்வோம். ஒருவரும் மொழியை மாற்றமாட்டோம், ஒன்றும் கெட்டுப்போகாது. எல்லைத் தகராறும் எனக்குப் புதிதல்ல. ஓடையில் ஒதுங்கிய ஓர் உடலுக்காக இரண்டு நிலையத்துக்காரர்கள் மழையில் நின்று வரைபடம் விரித்ததைப் பார்த்திருக்கிறேன். இறந்தவரின் அண்ணன் குடை பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். இன்றும் நினைத்தால் கூசுகிறது.

இவ்வளவு நன்றாகத் தொடங்கிய ‘பாலம்’ என்ன செய்கிறது? கொலையாளியை மேடை ஏற்றிவிடுகிறது. சமூகத்தின் ஐந்து குறைகளை உலகுக்குக் காட்டத்தான் கொல்கிறேன் என்று அவன் அறிவிக்கிறான். வீடற்றவர்கள், மனநலம் குன்றியவர்கள் என்று எண்ணி எண்ணிக் கொல்கிறான். கடைசியில் பார்த்தால் அதெல்லாம் வெறும் போர்வை; உள்ளே இருப்பது சொந்தப் பகை. அப்படியானால் நடுவில் செத்துப்போன அத்தனை பேரும் எதற்கு? அவர்கள் பெயர்கூட அடுத்த பகுதியில் யாருக்கும் நினைவில்லை. இந்த நாடகங்களில் என் முதல் குறை இதுதான். ஒரு வீட்டுத் துக்கத்தை நம்பி இருபது மணி நேரம் கதை சொல்லத் தெரிந்தவர்கள், பிறகு அந்தத் துக்கத்தை நம்பாமல், கொலையாளியின் மூளையை நம்ப ஆரம்பித்துவிட்டார்கள். நான் கையெழுத்துப் போட்ட கொலை வழக்குகளில் திட்டம் போட்ட மேதை ஒருவனும் இல்லை. குடி, வரப்பு, பங்கு, சந்தேகம். பெரும்பாலும் அன்று மாலைக்குள் ஆள் யார் என்று ஊருக்கே தெரியும். கடினமான வேலை அதற்குப் பிறகுதான்.

கண்டுபிடிக்க முடியாமலே போவதும் உண்டு. ஸ்வீடன் பிரதமர் ஓலோஃப் பால்மே 1986 பிப்ரவரியில், மனைவியோடு சினிமா பார்த்துவிட்டு நடந்து திரும்பும்போது சுடப்பட்டார். 34 ஆண்டுகள் கழித்து, 2020இல், எப்போதோ இறந்துவிட்ட ஒருவரைச் சந்தேக நபர் என்று அறிவித்து வழக்கை மூடினார்கள். அந்த நாட்டுத் தொடர்களிலோ பத்தாவது பகுதியில் எல்லா முடிச்சும் அவிழ்ந்துவிடுகிறது.

சந்தேகத்துக்கு ஆளாகிறவர்கள் விஷயம் இன்னொன்று. நன்னாவின் ஆசிரியர்மேல் பழி விழுகிறது. நிரபராதி. உண்மை தெரியும் முன்பே பெண்ணின் தந்தை அவரை அடித்து நொறுக்கிவிடுகிறார். கதை அடுத்த ஆளைத் தேடிப் போகிறது. பிறகும் இப்படித்தான், இரண்டு பகுதிக்கு ஒரு சந்தேக நபர். மூன்று முறை நிலையத்துக்கு அழைத்து விசாரித்து அனுப்பிய ஒரு டீக்கடைக்காரரை எனக்குத் தெரியும். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. ஆனாலும் அந்த ஆண்டு அவர் கடையில் யாரும் டீ குடிக்கவில்லை. அவர் வீட்டுக்குள்ளும் ஒரு தொடர் இருக்கிறது.

ஐஸ்லாந்துத் தொடரைச் சொல்லாமல் முடிக்க மனம் இல்லை. 2015இல் வந்தது. ‘டிராப்ட்’ என்று வெளிநாட்டில் பெயர். அவர்கள் மொழியில் ‘ஓஃபேர்த்’, அதாவது போக்குவரத்துக்கு ஆகாத பாதை. செய்திஸ்ஃபியோர்துர் என்ற துறைமுக ஊர். உண்மையில் சுமார் 700 பேர் வாழ்கிற இடம். பனிப்புயலில் சாலை அடைபட்டுத் தலைநகரிலிருந்து அதிகாரிகள் வரமுடியவில்லை. உள்ளூர்ப் போலீசாரே சமாளிக்கவேண்டும். கிடைத்த உடலை மீன் தொழிற்சாலையின் குளிர் அறையில் வைக்கிறார்கள்.

அந்த இடத்தில் நான் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டேன். 2009 நவம்பரில் இந்த மலையில் மண் சரிந்தபோது, 40 பேருக்கு மேல் இறந்தார்கள். குன்னூர் – மேட்டுப்பாளையம் சாலை பல இடங்களில் போய்விட்டது. கீழேயிருந்து ஆள் வரவில்லை. இருந்தவர்கள் நாங்கள்தான். பள்ளிக்கூட அறை ஒன்றில், பெஞ்சுகளை ஓரம் தள்ளி, உறவினரை உட்காரவைத்து, மெழுகுவத்தி வெளிச்சத்தில் பெயர், வயது, அடையாளம் என்று எழுதினேன். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து 174 என்போம், சந்தேக மரண விசாரணை. அங்கே சந்தேகம் ஏதுமில்லை. ஆனாலும் எழுதவேண்டும். ஒரு பெரியவர் தன் பேரனின் அடையாளமாக, “இடது கால் செருப்பு வார் அறுந்து நான்தான் தைத்தேன்” என்றார். அதையும் எழுதினேன்.

‘ஓஃபேர்த்’ அந்த அடைபட்ட நாள்களை, ஓரிரு ஆளை வைத்துக்கொண்டு தவிப்பதை, அசலாகக் காட்டுகிறது. மனைவி பிரிந்த பிறகும் மாமனார் வீட்டிலேயே மகள்களோடு தங்கியிருக்கும் பருத்த உடம்புக்கார அதிகாரி ஆந்த்ரியை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிடித்துப்போனது. ஆனால் 2011 கணக்கெடுப்பில் நீலகிரியின் மக்கள் தொகை 7,35,394. ஐஸ்லாந்து நாடு முழுவதும் சேர்த்தாலே அதில் ஏறக்குறையப் பாதிதான் தேறும். அங்கே ஓர் ஆண்டில் நடக்கும் கொலைகளைப் பெரும்பாலும் ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அந்த ஒரு சிற்றூருக்குப் பத்துப் பகுதிக்குள் எத்தனை சாவு! ஒரு சாவே அந்த ஊரை ஆண்டுக்கணக்கில் உலுக்கியிருக்கும். அதைக் காட்டியிருந்தாலே போதும்.

மழை விட்டதும் என் கணவர் மற்ற தொடர்களை வேண்டாம் என்றுவிட்டார். முதல் தொடரையே மறுபடி போடச் சொன்னார். மேயர் தேர்தல் வரும் இடங்களை ஓட்டிவிட்டு, அந்த வீடு வரும் இடங்களை மட்டும் பார்க்கிறோம். இப்போது நான் வரிகளைச் சொல்லவேண்டியதில்லை, அவருக்கே தெரியும். போன வாரம் ஓர் இரவு, டிவியை அணைத்த பிறகு, “அந்த லயன் வீட்டு அம்மா இப்போது எங்கே இருக்கிறார்?” என்று கேட்டார்.

மார்க்கெட்டில்தான் இருக்கிறார். கேரட்டும் நூக்கலும் விற்கிறார். நான் காக்கியைக் கழற்றிய பிறகும் என்னை “மேடம்” என்றுதான் கூப்பிடுவார். அந்த நாளைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. எடை போட்ட பிறகு இரண்டு கேரட்டைக் கூடுதலாகப் பையில் போடுவார். நான் வேண்டாம் என்பதில்லை.