பாதி அட்டை

ஜூலை 19

அண்ணனுக்கு மூச்சிளைப்பு, ஆஸ்பத்திரியில் இரவு முழுக்க நெபுலைசர். விடியக்காலம் விரலில் மாட்டியிருந்த கருவி ஆக்சிஜன் 94 காட்டியது. அதைப் பார்த்த பிறகுதான் மைனி டீயை வாயில் வைத்தாள்.

ஜூலை 20

வார்டில் எல்லாருக்கும் ஒரே பேச்சு, ஆடிக்காற்று. பக்கத்துக் கட்டில் பெரியவர் பேட்டைக்காரர். "மண்ணு பறக்குல்லா, அதான் எளைப்பு" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். கேஸ் ஷீட்டிலும் தூசி ஒவ்வாமை என்றுதான் இருக்கிறது.

காற்று வருஷாவருஷம் அடிக்கத்தான் செய்கிறது. அண்ணன் டவுன் கடையில் மல்லி மூட்டைக்கும் வத்தல் மூட்டைக்கும் நடுவில் உட்கார்ந்தே காலத்தை ஓட்டியவன். தும்முவான், அவ்வளவுதான். இது அப்படியில்லை. சாப்பிட்டுக் கை கழுவி ஒரு மணி நேரம் ஆகவில்லை. முகம் சிவந்தது, மூக்கு ஒழுகியது, அப்புறம் பேச்சே வரவில்லை. அந்த ஒரு மணி நேரம்தான் உறுத்துகிறது.

"அண்ணே, அதுக்கு முன்ன மாத்திரை எதும் போட்டியா?"

"ஏட்டி, சும்மா கெட."

ஸ்டீராய்டு ஊசி வேலை செய்ய மணிக்கணக்காகும். தெரியும். தெரிந்தும் ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் எட்டிப் பார்க்கிறேன்.

ஜூலை 21

போட்டிருக்கிறான். பல்வலிக்கு.

மைனி சட்டையைத் துவைக்க எடுக்கும்போது பையில் அட்டைத் துண்டு இருந்ததாம். மெடிக்கலில் கத்தரித்துக் கொடுத்தது. இரண்டு குழி, ஒன்று காலி. பின்பக்க வெள்ளித்தாளில் பெயரின் வால் மட்டும் இருக்கிறது: 'பெனாக்'. தலைப்பாதி கடைக்காரரிடமே தங்கிவிட்டது. டைக்ளோபெனாக்கா, அசிக்ளோபெனாக்கா? ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிறகுதான் உறைத்தது, எதுவானால் என்ன, இரண்டும் வலி மாத்திரை, அடைப்பது ஒரே நொதியைத்தான்.

ஜூலை 22

தூக்கம் இல்லை. எழுதியாவது வைக்கிறேன்.

காற்று போய் வருகிற இடம், அதோடு சரி என்றுதான் என் மாணவர்கள் நுரையீரலை நினைக்கிறார்கள். 1938-ல் ஃபெல்ட்பெர்க், கெல்லவே என்ற இரண்டு விஞ்ஞானிகள் கினிப்பன்றி நுரையீரலைத் தனியே எடுத்து, அதன் ரத்தக்குழாயில் திரவத்தை ஓடவிட்டு, நல்லபாம்பு விஷத்தைக் கலந்தார்கள். மறுபக்கம் வழிந்ததைக் குடல் துண்டில் பட விட்டால், ஒவ்வாமையில் உடம்பு விடும் ஹிஸ்டமின் போல வெடுக்கென்று இழுத்து விடவில்லை. மெல்ல இறுக்கி, நெடுநேரம் விடாமல் பிடித்தது. அந்த வகைப் பொருளுக்குத்தான் ஸ்வீடன் விஞ்ஞானி சாமுவேல்சன் 1979-ல் லூக்கோட்ரைன் என்று பெயர் வைத்தார். அண்ணன் நெஞ்சில் ராத்திரி முழுக்க விடாமல் பிடித்ததும் அதுதான் என்று நினைக்கிறேன்.

லண்டனில் பிரிசில்லா பைப்பரும் ஜான் வேனும் 1969-ல் செய்ததும் கினிப்பன்றி நுரையீரலில்தான். ஒவ்வாமையைக் கிளப்பிவிட்டதும் வலி, வீக்கத்தில் பங்குள்ள புரோஸ்டாகிளாண்டின்கள் வந்தன. கூடவே முயலின் ரத்தக்குழாய்த் துண்டைச் சுருக்கி, கொஞ்ச நேரத்தில் காணாமல் போகும் ஏதோ ஒன்றும் வந்தது. ஆஸ்பிரின் கொடுத்தால் அது வரவில்லை. அதிலிருந்துதான் 1971-ல் ஆஸ்பிரின் எதைத் தடுக்கிறது என்று வேன் கண்டுபிடித்தார். காணாமல் போன பொருள் த்ராம்பாக்சேன் ஏ2 என்பது 1975-ல் தெரிந்தது.

எனக்கு எப்போதும் வியப்பு, இதில் எதுவும் முன்கூட்டிச் செய்து வைத்ததில்லை என்பதுதான். ஹிஸ்டமினாவது ஒவ்வாமையைக் கிளப்பும் மாஸ்ட் செல்லுக்குள் தயாராக இருக்கும். இவை அப்படியல்ல. செல் சவ்வின் கொழுப்பிலிருந்து அராக்கிடோனிக் அமிலம் கழன்று வரவேண்டும். சைக்ளோஆக்சிஜனேஸ் என்ற நொதி அதைப் பிடித்தால் புரோஸ்டாகிளாண்டின், லைப்பாக்சிஜனேஸ் பிடித்தால் லூக்கோட்ரைன். வலி மாத்திரை முதல் வழியை அடைக்கிறது. கோடகன் கால்வாய் மடையை அடைத்தால் தண்ணீர் ஆற்றோடு போகும் என்று வகுப்பில் சொல்வேன். அது பாதிதான். புரோஸ்டாகிளாண்டின் ஈ2 லூக்கோட்ரைன் உற்பத்தியை அடக்கி வைத்திருந்தது, மாஸ்ட் செல்லையும் சேர்த்து. மாத்திரை போட்டதும் அந்த அடக்குமுறை போய்விடுகிறது. வீக்கத்தைக் குறைக்கும் மாத்திரை மூச்சுக்குழாயை வீங்க வைக்கிறது. எல்லாருக்கும் இல்லை. இவனைப் போலச் சிலருக்கு.

ஜூலை 23

டாக்டரிடம் அட்டையைக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தார். டார்ச் எடுத்து அண்ணன் மூக்குக்குள் அடித்தார். "சதை இருக்கே, யாரும் சொல்லலையா?"

ஜூலை 24

யார் சொல்வது? முன்பே ஒருதரம் ஆபரேஷன் செய்து எடுத்த சதை, மறுபடி வளர்ந்திருக்கிறது. வாசனை போய் வருஷக்கணக்காகிறது. பெருங்காய டப்பாவை மூக்குக்கு நேரே திறந்தாலும் முகம் மாறாது. புளிக்குழம்பு அடிப்பிடித்து வீடே நாறினபோதும் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான், மைனி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். சதை, இளைப்பு, ஆஸ்பிரின் ஆகாமை, மூன்றும் சேர்ந்து வருவதை விடால் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1922-லேயே எழுதிவிட்டார்.

லூக்கோட்ரைனைத் தடுக்கும் மாண்டிலுகாஸ்ட் ஆரம்பித்தாகிவிட்டது.

ஜூலை 25

98. இட்லி கேட்டான். தொட்டுக்க எள்ளுப்பொடிதான் வேணுமாம்.

ஜூலை 27

வீட்டுக்கு வந்தாயிற்று. வந்ததும் சண்டை.

எல்லார் மாத்திரையும் அம்மாவின் பிஸ்கட் டப்பாவில்தான் கிடக்கும். நெஞ்சுவலி வந்ததிலிருந்து அப்பா தினம் போடும் ஆஸ்பிரின் 75-ம் அதில்தான். ஆஸ்பிரினும் அதே சாதிதான் என்று தெரியாமல் சொல்லித் தொலைத்தேன். "எம்பிள்ளைக்கு ஆகாத சவம் வீட்டுக்குள்ள எதுக்கு?" என்று அம்மா அட்டையைத் தூக்கிக்கொண்டு தெருவாசலுக்குப் போய்விட்டாள். ஓடிப்போய் வாங்கினேன். அப்பாவின் ரத்தத் தட்டணுவில், ரத்தத்தை உறையவைக்கும் த்ராம்பாக்சேன் உண்டாகாமல் தடுப்பது அந்தக் குட்டி மாத்திரைதான். தட்டணுவுக்கு உட்கரு கிடையாது, அடைபட்ட நொதிக்குப் பதில் புதிது செய்ய வழியில்லை, சாகும்வரை அப்படியே கிடக்கும். இதை எந்தத் தமிழில் அம்மாவுக்குச் சொல்ல?

அப்பா ஒன்றும் பேசவில்லை. அட்டையை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். டப்பா இப்போது இரண்டு.

ஜூலை 28

உடம்பின் ரத்தம் முழுக்க நுரையீரல் வழியாகத்தான் போகிறது. ஒரே சுற்றில் புரோஸ்டாகிளாண்டின் ஈ2-ல் 90 சதவீதத்துக்கு மேல் அங்கே அழிந்துவிடும். செய்வதும் அங்கே, அழிப்பதும் அங்கே. இவ்வளவு ஒழுங்கான இடத்தில், ஒரு பல்வலிக்கு...

ஜூலை 30

மைனி சொரிமுத்தையனாருக்கு நேர்ந்திருக்கிறாளாம். ஆடி அமாவாசைக்குக் காரையார் போகவேண்டும். காட்டுக்குள் அடுப்புப் புகை, கூட்டம். வேண்டாம் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆகஸ்ட் 1

பல் மறுபடி. கன்னம் வீங்கியிருக்கிறது. கடைப்பையன் தெரு முக்கு மெடிக்கலில் "பல்வலி மாத்திரை" என்று கேட்டு வாங்கியே வந்துவிட்டான். இதுவும் கத்தரித்த அட்டைதான், இந்தமுறை தலைப்பாதி. 'அசிக்ளோ' என்று தெரிகிறது. குப்பையில் போட்டேன்.

பாரசிட்டமால் 500 ஒன்று கொடுத்தேன், பாதி பாதியாக. அந்த அளவு பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். பெரும்பாலும். பம்ப் மேஜைமேல் இருக்கிறது. நாளை காலை பல் டாக்டர், ஆகாத மாத்திரைகளின் பெயரைச் சிவப்பு மையில் எழுதி பர்ஸில் வைத்தாயிற்று.

"எதுக்குட்டி இப்படி முறைச்சுப் பாக்க?" என்கிறான். மணி 9.40.