ரெண்டடி அரோவானாவைத் தொட்டி மாற்றுவதற்கு முன்னால்

அரோவானா என்ற பெரிய வளர்ப்பு மீன் தொட்டி மாற்றிய அன்றைக்கே செத்தால் பிடித்த விதத்தில் தப்பு. மூணாம் நாளோ நாலாம் நாளோ செத்தால் தண்ணியில் தப்பு. பெரும்பாலும் நடப்பது ரெண்டாவதுதான். ஆனால் எல்லாரும் கவலைப்படுவது தூக்கும் அந்தப் பத்து நிமிஷத்தைப் பற்றி மட்டும்.

நம்ம திருநெல்வேலிப் பக்கம் ஒரே வீட்டுக்குள் ரெண்டு தண்ணி ஓடும். ஒரு குழாயில் தாமிரபரணி நல்ல தண்ணி, இன்னொன்றில் போர் (ஆழ்துளைக் கிணறு) உப்புத் தண்ணி. கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை விட்டுப் பார்த்தால் ஒன்றில் 150, மற்றதில் 1200 என்று காட்டினாலும் ஆச்சரியமில்லை. திசையன்விளை, ராதாபுரம் பக்கம் போனால் இன்னும் கூடும். மீனின் செவுளும் சிறுநீரகமும் உடம்பு உப்பைச் சரிக்கட்ட நாள்கணக்கில் நேரம் எடுக்கும். பையை அரைமணி நேரம் மிதக்கவிட்டால் வெப்பம் சமமாகும், உப்பு சமமாகாது.

அதனால் வேலையை ரெண்டு வாரம் முன்னால் பழைய தொட்டியில் தொடங்க வேண்டும். புதுத் தொட்டியில் எந்தத் தண்ணி ஊற்றப் போகிறீர்களோ, அதே தண்ணியால் பழைய தொட்டியில் ரெண்டு நாளுக்கொருமுறை ஐந்தில் ஒரு பங்கு மாற்றுங்கள். ஆறு முறை மாற்றினால் பழைய தண்ணி கால் பங்குதான் மிஞ்சும். வேறு ஊருக்குப் போகிறது என்றால் அந்த ஊர்த் தண்ணியை நாலைந்து கேன் கொண்டுவந்தாவது பழக்குங்கள். மாற்றும் நாளில் ரெண்டு தொட்டியிலும் டிடிஎஸ், பி.எச். (தண்ணியின் அமில, காரத் தன்மை) ரெண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும்.

மாசக்கணக்கில் தண்ணி மாற்றாத தொட்டி என்றால் இன்னும் நிதானம் வேண்டும். அப்படிப்பட்ட தொட்டியில் பி.எச். 6 பக்கம் இறங்கியிருக்கும். மீன் கழிவை உடைக்கும் பாக்டீரியா சோம்பிப்போய், அந்தக் கழிவிலிருந்து வரும் அம்மோனியா சேர்ந்திருக்கும், ஆனால் அந்த பி.எச்.-ல் அது அம்மோனியம் என்ற சாதுவான வடிவில் கிடக்கும். ‘அழுக்காயிருக்கே’ என்று பாதித் தொட்டிக்குப் போர் தண்ணியை ஊற்றினால் பி.எச். 8-க்கு ஏறி, அது விஷமாக மாறத் தொடங்கும். 30 டிகிரித் தண்ணியில், பி.எச். 7-ல் நூற்றுக்கு ஒரு பங்குகூட விஷ வடிவில் இருக்காது. 8-ல் ஏழெட்டுப் பங்கு இருக்கும். இப்படிப்பட்ட தொட்டியில் ஐந்தில் ஒன்றுகூட அதிகம், பத்தில் ஒன்றாகத் தொடங்குங்கள்.

குழாய்த் தண்ணியில் பிளீச்சிங் பவுடர் வாசம் வந்தால் சோடியம் தயோசல்பேட் படிகம் 100 லிட்டருக்கு 1 கிராம் போதும். 1 மில்லிகிராம் குளோரினை முறிக்க 7 மில்லிகிராம் படிகம் வேண்டும் என்பது கணக்கு; லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் இருந்தாலும் இந்த அளவு தாங்கும். வாசம் மூக்கைத் துளைத்தால் ரெட்டிப்பாக்குங்கள். தட்டட்டி (மொட்டை மாடி) மேல் உள்ள சின்டெக்ஸிலிருந்து சித்திரை வெயிலில் நேராகத் தண்ணி பிடிக்காதீர்கள், கையே வைக்க முடியாது. முந்தின ராத்திரியே பிடித்து ஏர் பம்பு போட்டு வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஆறு கலங்கி வரும்போது, தெளியும்வரை தள்ளிப்போடுவது நல்லது.

அடுத்தது ஃபில்டர். பளபளவென்று புதுத் தொட்டி, புது ஃபில்டர், புதுத் தண்ணி என்று வைத்தால் மீன் கழிவை உடைக்க அங்கே ஒரு பாக்டீரியாகூட இருக்காது. அது தானாக வளர நாலு முதல் ஆறு வாரம் ஆகும். ரெண்டடி மீன் ரெண்டே நாளில் தொட்டியை விஷமாக்கிவிடும். புது ஃபில்டரை ஒரு மாசம் முன்பே பழைய தொட்டியில் சேர்த்து ஓடவிடுவது உத்தமம். அது முடியாதவர்கள் பழைய ஸ்பாஞ்சில் பாதியையும் செராமிக் வளையங்கள் முழுவதையும் பழைய தொட்டித் தண்ணியிலேயே ஒரு வாளியில் போட்டு, ஏர் ஸ்டோன் ஓடவிட்டுக் கொண்டுபோங்கள். குழாயடியில் கழுவினால் முடிந்தது கதை. கேனிஸ்டரை (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய ஃபில்டர்) மூடினபடியே மணிக்கணக்கில் வைத்தாலும் உள்ளே காற்றில்லாமல் பாக்டீரியா செத்து அழுகல் வாடை வரும்.

தொட்டியைப் பற்றி ரெண்டு வார்த்தை. அரோவானாவுக்கு நீளத்தைவிட அகலம் முக்கியம். திரும்ப இடம் வேண்டும். 6 அடி நீளம், 2½ அடி அகலம், 2 அடி உயரத் தொட்டி விளிம்புவரை 850 லிட்டர் கொள்ளும். 12 மி.மீ. கண்ணாடியோடு சேர்த்தால் ஒரு டன். பழைய வீட்டுக் கட்டை மச்சில் வைக்க நினைக்கவே வேண்டாம். கான்கிரீட் மாடி என்றாலும் பொறியாளரைக் கேட்டு, உத்தரத்துக்கு மேல் சுவரோரமாக வையுங்கள். அடியில் தெர்மாகோல், ரசமட்டம் பார்த்து வைத்த ஸ்டாண்டு, சிலிக்கான் ஒட்டி ஒரு வாரம் காயவிடுதல், பிறகு ரெண்டு நாள் தண்ணி நிறுத்திச் சோதனை.

மாற்றுவதற்கு ரெண்டு நாள் முன்பே தீனியை நிறுத்திவிடுங்கள். வயிற்றில் இறாலோடு பைக்குள் போன மீன் கக்கும், பைத் தண்ணி கெடும். விடியற்காலை ஐந்து மணி சரியான நேரம். வெக்கை ஏற ஏறத் தண்ணியில் ஆக்சிஜன் குறையும்: 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குமேல் கரையும், 32-ல் சுமார் 7தான்.

விளக்கை அணைத்து, தண்ணியை ஒன்றேகால் அடிக்கு இறக்குங்கள். வலை வேண்டாம், செதில் உரியும், மீசை ஒடியும். மீன் நீளத்தைப்போல ரெண்டு மடங்கு நீளமுள்ள தடித்த பாலிதீன் பையை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு, அடி மூலை ரெண்டையும் முறுக்கி ரப்பர் பேண்டு போடுங்கள். இல்லையென்றால் மூலையில் வால் சிக்கும். பையின் வாயைத் தண்ணிக்குள் விரித்து, மீனைத் தலைப் பக்கமாக மெல்ல ஓட்டுங்கள். தலை உள்ளே போனதும் வாயைத் தூக்கினால் போதும். பேசுகிறவர் ஒரே ஆளாக இருக்கட்டும். ‘ஏலே, வாலைப் பிடி’ என்று ஒருத்தரும் ‘அண்ணாச்சி, விடாதீங்க’ என்று இன்னொருத்தரும் கத்தினால் மீன் துள்ளிக் கண்ணாடியில் முட்டும். தண்ணியோடு பை இருபது கிலோ வரும். அடியில் கை கொடுத்து ரெண்டு பேர் படுக்கை வாக்கில் தூக்குங்கள்.

ஆஸ்கர், ஃபிளவர்ஹார்ன் போன்ற மற்ற வளர்ப்பு மீன்களுக்கு இவ்வளவு சடங்கு வேண்டாம், மூடி போட்ட பெரிய வாளி போதும். முள் உள்ள கெளுத்தி வகைக்குப் பையே ஆகாது, குத்திக் கிழித்துவிடும், மூடியுள்ள டிரம்தான்.

பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணி, மீதி ஆக்சிஜன். வண்ணமீன் கடையில் சிலிண்டர் இருக்கும், கேட்டால் அடித்துத் தருவார்கள். பிறகு தெர்மாகோல் பெட்டிக்குள் இருட்டாக வையுங்கள். காரில் பெட்டியைக் குறுக்கு வாட்டில் வைத்தால் பிரேக் போடும்போது மூக்கு முட்டாது.

இறக்கியபின் 20 நிமிஷம் மிதக்கவிட்டு, ஐந்து நிமிஷத்துக்கொரு கோப்பையாக அரைமணி நேரம் புதுத் தண்ணி சேருங்கள். ஆனால் பயணம் மூணு நாலு மணி நேரத்துக்கு மேல் போயிருந்தால் இந்த நிதானம் ஆபத்து. மீன் விட்ட கார்பன் டை ஆக்சைடால் பைத் தண்ணியின் பி.எச். இறங்கி, அம்மோனியா அடங்கிக் கிடக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறும், பி.எச். ஏறும், விஷம் விழிக்கும். அப்போது வெப்பம் மட்டும் சமமானதும் உடனே மீனை விட்டுவிட வேண்டும். உப்பை முன்பே சமப்படுத்தச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். பைத் தண்ணியைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

உள்ளே விட்ட நொடியில் மூடியைப் போட்டு மேலே கனம் வையுங்கள். ஃபில்டர் பைப்பு நுழையும் இடுக்கையும் அடைத்துவிடுங்கள். முதல் ராத்திரி துள்ளும்.

ரெண்டு நாள் தீனி இல்லை, பிறகு வழக்கத்தில் கால் பங்கு. ஒரு வாரம் தினமும் அம்மோனியா சோதனை, லிட்டருக்கு 0.25 மில்லிகிராம் காட்டினால் கால் பங்கு தண்ணி மாற்றுங்கள். செதில் உதிர்ந்திருந்தால் தூத்துக்குடிக் கல் உப்பு லிட்டருக்கு 1 கிராம், தனியாகக் கரைத்து ஊற்றுங்கள். தண்ணி பால்போலக் கலங்கினால் பயந்து ஃபில்டரைக் கழுவாதீர்கள், நீல மருந்தும் (மெத்திலீன் புளூ) ஊற்றாதீர்கள். ரெண்டும் நீங்கள் பாடுபட்டுக் கொண்டுவந்த பாக்டீரியாவைத்தான் முதலில் கொல்லும்.

பழைய தொட்டியை அன்றே கவிழ்த்துக் கழுவி விற்க அவசரப்பட வேண்டாம். மீதிப் பாதி ஸ்பாஞ்சோடு, அதே தண்ணியை நிரப்பி ஒரு வாரம் ஓடவிடுங்கள். பாக்டீரியா பசியில் சாகாமலிருக்க ரெண்டு சின்ன மீனை அதில் விட்டு வைத்தால், புதுத் தொட்டி ஒழுகினாலும் அரோவானாவைத் திருப்பி விட ஓர் இடம் இருக்கும்.