வட்ஸ்அப் வருகிறது, அழைப்பு வரவில்லை

உப்புவெளியில் தனியாக வசிக்கும் அம்மாவின் கைத்தொலைபேசிக்குச் சென்ற மார்கழியில் மூன்று கிழமைகளாகச் சாதாரண அழைப்பு எதுவும் போய்ச் சேரவில்லை. கனடாவிலுள்ள தங்கச்சி நாள்தோறும் வட்ஸ்அப்பில் கதைத்து வந்ததாலும், அம்மா தாமாக யாருக்கும் எடுப்பதில்லை என்பதாலும் எங்களுக்குச் சந்தேகமே எழவில்லை. கிளினிக் திகதி மாறியதை அறிவிக்க எடுத்த அழைப்பு கிடைக்காமல், அவர் திருகோணமலை நகருக்கு வீணாகப் போய்த் திரும்பிய பின்னரே விடயம் தெரிந்தது. அந்த வெயிலில் அவர் அலைந்ததை நினைக்க இன்றும் மனம் வருந்துகிறது.

திரையில் சிக்னல் கோடுகள் நான்கும் நிறைந்திருந்தன. ஃபிளைட் மோடைப் போட்டு எடுத்தால் போன் வலையமைப்பில் மீண்டும் பதிவாகும் என்பதால் அதைச் செய்தேன், பயனில்லை. பிறகு அம்மாவின் சிம்மைக் கழற்றி என் போனில் போட்டு அழைத்தபோது உடனே மணி அடித்தது. சிம்மும் கோபுரமும் சரி, பிழை போனில்தான் என்பதை இரண்டே நிமிடத்தில் காட்டிய இந்தச் சோதனையைத்தான் எவரும் முதலில் செய்ய வேண்டும் என்பேன்.

கோடுகளை எத்தனை காட்டுவது என்பதை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தத்தம் விருப்பப்படி தீர்மானிப்பதால், உண்மையான அளவைப் பார்க்க *#*#4636#*#* என அழுத்தினேன். பல அண்ட்ரொய்ட் போன்களில் இது ஒரு தகவல் பக்கத்தைத் திறக்கும். சிக்னல் வலு டிபிஎம் என்ற அலகில் எதிர்மறை எண்ணாக வரும். சுழியத்தை நெருங்க நெருங்க வலு கூடும், பத்து குறைந்தால் வலு பத்திலொன்றாகும். விறாந்தையில் -97, கொங்கிரீட் கூரையுடைய குசினியில் -115. ஆனால் விறாந்தையிலும் அழைப்பு வரவில்லையே என்று யோசித்தபடி அதே பக்கத்தைக் கீழே நகர்த்தியபோது, வலையமைப்பு வகை ‘எல்டிஇ ஒன்லி’ என்றிருந்தது.

எல்டிஇ என்பது 4ஜி. அது தரவுக்காக அமைந்த வலையமைப்பு. அதன் வழியே குரல் அழைப்பு வர வோஎல்டிஇ வசதி போனில் இருக்க வேண்டும். அந்த வசதியில்லாத பழைய போன்கள், அழைப்பு வரும் கணத்தில் 2ஜி அல்லது 3ஜிக்கு இறங்கி அதைப் பெற்றுக்கொள்ளும். அம்மாவின் போன் அவ்வகையே. 4ஜி மட்டும் என்று பூட்டப்பட்டதால் இறங்க வழியின்றி, வட்ஸ்அப் மட்டும் தடையின்றி ஓடியிருக்கிறது. மூன்று கிழமைகளுக்கு முன் திரை மாற்றக் கொடுத்த இடத்தில் இது மாறியிருக்கலாம்.

எல்லாத் தலைமுறைகளையும் தானாகத் தேடும் தெரிவுக்கு மாற்றியதும் மணி அடித்தது. சில போன்களில் இம்மாற்றம் நிலைக்காது என்பதால் அணைத்து மீண்டும் இயக்கியும் சரிபார்த்தேன். போன் இப்போது குசினியில் அல்ல, விறாந்தை யன்னல் தட்டில் இருக்கிறது.