காலாண்டு விடுமுறையில் மாசாய் மாரா

பிள்ளைகளோடு கென்யாவுக்குப் போய்க் காட்டு விலங்குகளைப் பார்க்க நினைத்தபோது, முதலில் எங்களுக்கு வந்த பயணத் திட்டத்தில் எட்டு நாளுக்குள் நைரோபி, அம்போசெலி, நைவாஷா, நகுரு, மாசாய் மாரா என்று ஐந்து இடங்கள் இருந்தன. படிக்கப் படிக்க ஆசையாகத்தான் இருந்தது. கிளிமஞ்சாரோ மலை பின்னால் தெரிய அம்போசெலியில் யானைகள் நடந்துபோவதை யாருக்குத்தான் பார்க்க ஆசையில்லை! அப்புறம் என் கணவர் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளும் எத்தனை மணி நேரம் சாலையில் போகிறது என்று கூட்டிப் பார்த்தார். அம்போசெலி தெற்கே தான்சானியா எல்லையோரம், மாரா தென்மேற்கு மூலையில். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தரைவழியாகப் போனால் அன்றைய பகல் முழுக்க வண்டிக்குள்தான். எங்கள் பிள்ளைகளில் மூத்தவனுக்குப் பதினொரு வயது, சின்னவளுக்கு ஏழு. ஊட்டிக்குப் போகும்போது மேட்டுப்பாளையம் வருவதற்குள்ளேயே "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று பத்து தடவை கேட்கிறவள் அவள்.

அன்று ராத்திரியே அம்போசெலியையும் நகுருவையும் எடுத்துவிட்டோம். நைரோபியில் ஒரு இரவு, நைவாஷாவில் இரண்டு, மாராவில் நான்கு, திரும்பும்போது நைரோபியில் ஒன்று. இந்தப் பயணத்தில் நாங்கள் எடுத்த மிக நல்ல முடிவு இதுதான், ஆகவே பிள்ளைகளோடு போகத் திட்டமிடும் எல்லாருக்கும் இதைத்தான் முதலில் சொல்கிறேன்: இடங்களைக் குறையுங்கள், இரவுகளைக் கூட்டுங்கள். காட்டில் ஒரே இடத்துக்கு மறுநாளும் போனால்தான் முதல் நாள் பார்த்த சிங்கக் கூட்டம் எங்கே நகர்ந்திருக்கிறது, குட்டிகள் என்ன செய்கின்றன என்று பிள்ளைகளுக்கு ஒரு தொடர்கதை கிடைக்கும்.

எப்போது போவது என்பதுதான் எங்களை ரொம்பக் குழப்பியது. நமக்குப் பெரிய விடுமுறை ஏப்ரல், மே. கென்யாவில் மார்ச் முதல் மே வரை பெருமழைக் காலம், மண்பாதைகள் சேறாகிவிடும், சில முகாம்களை அந்த மாதங்களில் மூடியே விடுகிறார்கள். பதின்மூன்று லட்சத்துக்கும் மேலான வில்டபீஸ்ட் மான்கள் தான்சானியாவின் செரெங்கெட்டிச் சமவெளியிலிருந்து புல்லைத் தேடிக் கிளம்பி மாரா பக்கம் வருவது ஏறக்குறைய ஜூலை முதல் அக்டோபர் வரை. எனவே எங்களுக்கு இருந்த ஒரே வழி செப்டம்பர் கடைசியில் வரும் காலாண்டு விடுமுறைதான். தசரா, காந்தி ஜெயந்தியோடு சேர்த்துப் பார்த்து, பள்ளியில் ஒரு நாள் கூடுதலாகக் கேட்டு வாங்கிக்கொண்டோம். கூட்டம் இல்லாமல் போகவேண்டும், வில்டபீஸ்டுகள் ஆற்றைக் கடக்கும் காட்சி அவ்வளவு முக்கியமில்லை என்றால் ஜனவரி, பிப்ரவரியும் நல்ல வறண்ட மாதங்கள்தான், ஆனால் பரீட்சை நெருங்கும் நேரத்தில் அது எத்தனை வீட்டில் நடக்கும் என்று தெரியவில்லை.

காலத்தைப் பொறுத்துச் செலவும் மாறும். 2024 முதல் மாசாய் மாராவுக்குள் நுழைய வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு ஜனவரி முதல் ஜூன் வரை ஒரு நாளைக்கு 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். ஒன்பது வயதிலிருந்து பதினேழு வரை 50, அதற்குக் கீழே இலவசம். எங்கள் நான்கு பேருக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 450 டாலர், இதில் தங்குமிடமோ வண்டியோ சேர்த்தி இல்லை. அந்தச் சீட்டு காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரைக்கும்தான். அதனால் செக்கெனானி வாயிலுக்கு வெளியே இருக்கும் ஒரு முகாமில் தங்கினோம். போய்ச் சேர்ந்த நாள் சாயங்காலம் உள்ளே போகாமல் முகாமிலேயே பிள்ளைகளை ஓடி விளையாட விட்டதில் ஒரு நாள் கட்டணம் மிச்சம், அவர்களுக்கும் பயணக் களைப்பு தீர்ந்தது.

தடுப்பூசியைக் கடைசி நேரத்துக்கு வைக்காதீர்கள், இதை ரொம்ப அழுத்திச் சொல்கிறேன். கென்யாவிலிருந்து திரும்பும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கையில் இல்லை என்றால் இந்தியாவில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைத்துவிடுவார்கள், கைக்குழந்தை தவிர மற்றப் பிள்ளைகளுக்கும் அதே விதிதான். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகே சான்றிதழ் செல்லும், அதன்பின் ஆயுள் முழுக்க அது போதும். அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டும்தான் போடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் அதில் ஒன்று. அசல் பாஸ்போர்ட் வேண்டும், முன்பதிவும் வேண்டும். இது உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து கோழி முட்டைக் கருவில் வளர்த்துத் தயாரிக்கும் ஊசி, ஆகவே பிள்ளைக்கு முட்டை ஒவ்வாமை இருந்தால் முன்னாலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மலேரியா மாத்திரை தனி. நைரோபி உயரத்தில் இருப்பதால் அங்கே ஆபத்து குறைவு, மாராவில் உண்டு. எங்கள் குழந்தைகள் டாக்டர் எடையைப் பார்த்து அளவு எழுதிக் கொடுத்தார், கிளம்புவதற்கு முந்தின நாள் தொடங்கித் திரும்பிய பிறகும் ஒரு வாரம் கொடுத்தோம். சின்னவள் அந்த மாத்திரையை விழுங்க மாட்டேன் என்று அடம்பிடிக்க, தேனில் குழைத்துக் கொடுத்தேன்.

கைக்குழந்தையும் மூன்று வயதும் வைத்திருக்கும் என் தோழிக்கு நான் கென்யாவைச் சொல்லவில்லை, தென்னாப்பிரிக்காவைச் சொன்னேன். அங்கே பிலானெஸ்பர்க், மடிக்வே, அட்டோ யானைப் பூங்கா எல்லாம் மலேரியா இல்லாத இடங்கள். அட்டோவை 1931-இல் தொடங்கியபோது அந்தப் பகுதியில் மிஞ்சியிருந்தது பதினோரு யானைகள்தான், இன்றைக்கு அறுநூறுக்கும் மேல். வாடகைக் காரை நாமே ஓட்டிக்கொண்டு உள்ளே போகலாம், பிள்ளை அழுதால் திரும்பி வந்துவிடலாம், வேறு யாருடைய பயணமும் கெடாது. திறந்த வண்டிகளில் ஆறு வயதுக்குக் கீழ் ஏற்றாத இடங்கள் நிறைய இருப்பதால் கென்யாவானாலும் தென்னாப்பிரிக்காவானாலும் முன்பதிவு செய்யும்போதே வயதைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். கென்யாவுக்கு 2024 ஜனவரியிலிருந்து விசா கிடையாது, அதற்குப் பதில் இணையத்தில் இ.டி.ஏ. என்கிற மின்னணுப் பயண அனுமதி வாங்கவேண்டும், குழந்தைகளுக்கும் தனித்தனியாக.

வண்டி விஷயத்தில் நான் கண்டிப்பாக இருந்தேன். வேறு குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ளும் வேன் மலிவுதான், ஆனால் பிள்ளைக்கு வயிற்றைக் கலக்கினால் முன்பின் தெரியாத ஐந்து பேர் காத்திருக்கவேண்டும். நாங்கள் எங்களுக்கென்று மேற்கூரை தூக்கும் லேண்ட் குரூஸர் எடுத்தோம். பூங்காவுக்குள் கண்ட இடத்தில் இறங்க முடியாது. கழிப்பறைக்கு என்ன செய்வது என்று எல்லா அம்மாக்களும் கேட்கிறார்கள். டிரைவர் சுற்றிலும் நன்றாகப் பார்த்துவிட்டு வெட்டவெளியில் நிறுத்துவார், டயருக்குப் பின்னால் உட்கார்ந்து எழுந்து உடனே ஏறிவிட வேண்டும். டிஷ்யூவைக் காட்டில் போடாமல் ஒரு டப்பாவில் போட்டு எடுத்து வந்துவிடுங்கள். கென்யாவில் 2017 முதல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருப்பதால் முறுக்கு, தட்டை, புளியோதரைப் பொடி எல்லாவற்றையும் எவர்சில்வர் சம்படங்களில்தான் கொண்டுபோனேன். சாப்பாட்டுக்கு அவ்வளவு கவலை வேண்டாம், சப்பாத்தி அங்கேயும் சப்பாத்திதான், பருப்பும் பீன்ஸும் தாராளமாகக் கிடைக்கிறது.

ஸ்வெட்டர் கட்டாயம். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்துப் பருத்திச் சட்டைகளாக எடுத்து வைத்திருந்த என் மகனுக்குக் காலை ஆறு மணி மாரா ஊட்டி மாதிரி இருந்தது. ஆளுக்கொரு பைனாகுலர் வாங்கிக் கொடுங்கள், ஒன்றை இருவருக்குக் கொடுத்தால் சண்டையில் சிறுத்தை போய்விடும். கென்யா நேரம் நமக்கு இரண்டரை மணி பின்னால் இருப்பதால், வீட்டில் எழுப்பி எழுப்பிக் களைத்துப்போகும் நான் அங்கே ஒரு நாள்கூட அவர்களை எழுப்பவில்லை. விடியுமுன்னே தாங்களாகவே எழுந்து உட்கார்ந்திருந்தார்கள்.

நைவாஷாவைத் திட்டத்திலிருந்து நீக்காமல் வைத்துக்கொண்டதற்குக் காரணம் அங்கே நடக்கலாம் என்பதுதான். ஏரியில் படகில் போய் நீர்யானைகளைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, கிரெசென்ட் தீவில் இறங்கினால் சிங்கம், சிறுத்தை பயம் இல்லாமல் வரிக்குதிரைகளுக்கும் ஒட்டகச்சிவிங்கிகளுக்கும் நடுவே காலால் நடந்து போகலாம். வண்டி ஜன்னல் வழியாகப் பார்க்கும் ஒட்டகச்சிவிங்கி வேறு, நம் காலடி மண்ணிலேயே நின்று குனிந்து பார்க்கும் ஒட்டகச்சிவிங்கி வேறு. சின்னவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ரகசியம் பேசுகிற குரலில் "அம்மா, அது மூச்சு விடுறது கேக்குதும்மா" என்றாள். நைரோபியில் ஷெல்ட்ரிக் யானைக்குட்டிகள் காப்பகத்துக்கும் முன்பதிவு செய்துகொண்டு போங்கள், பகல் பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை ஒரே ஒரு மணி நேரம்தான். தாயை இழந்த குட்டிகள் போர்வை போர்த்திக்கொண்டு வந்து பெரிய பாட்டிலில் பால் குடிக்கும். வளர்ந்த பிறகு அவற்றைத் திரும்பக் காட்டில் விடும் வேலைதான் அவர்களுடைய முக்கிய வேலை. தெப்பக்காட்டில் முகாம் யானைகளைப் பார்த்து வளர்ந்த என் மகன், இங்கே பெண் யானைக்கும் தந்தம் இருக்கிறதே என்று அன்று முழுக்க அதையே பேசிக்கொண்டிருந்தான்.

கிளம்புமுன் இருவருக்கும் ஆளுக்கொரு நோட்டு வாங்கிக் கொடுத்திருந்தேன், பார்ப்பதை எழுத. எங்கள் டிரைவர் அவர்களுக்கு ஸ்வாஹிலிப் பெயர்களைச் சொல்லிக்கொடுத்தார். சிம்பா சிங்கம், ட்விகா ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரைக்குப் புண்டா மிலியா, அதாவது கோடு போட்ட கழுதை. சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், எருமை என்று அந்தப் 'பெரிய ஐந்தை' முடித்தே ஆகவேண்டும் என்கிற ஓட்டம் எங்கள் வண்டியில் இல்லை. காண்டாமிருகத்தை நாங்கள் பார்க்கவே இல்லை, பிள்ளைகள் அதைக் கேட்கவும் இல்லை. வாலை ஆன்டெனா மாதிரி நிமிர்த்திக்கொண்டு ஓடும் வார்ட்ஹாக் பன்றிக்கும், உருண்டையைப் பின்னங்காலால் தள்ளிக்கொண்டு போகும் சாணவண்டுக்கும் அவர்கள் வண்டியை நிறுத்தச் சொன்னார்கள், டிரைவரும் நிறுத்தினார். மாரா ஆற்றங்கரையில் மூன்று மணி நேரம் காத்திருந்தோம். எதிர்க்கரையில் ஆயிரக்கணக்கில் கூடி நின்ற வில்டபீஸ்டுகள் தண்ணீர் வரை வந்து வந்து திரும்பின, கடைசி வரை இறங்கவில்லை. என் கணவருக்கு ரொம்ப வருத்தம். பிள்ளைகள் கரையில் வாயைத் திறந்து கிடந்த முதலைகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள் காலையில் நடந்ததற்கு மட்டும் நான் தயாராக இல்லை. நொண்டிக்கொண்டு கூட்டத்திலிருந்து பிந்திய ஒரு இளம் வில்டபீஸ்டை நான்கைந்து கழுதைப்புலிகள் எங்கள் கண்ணெதிரே மடக்கிவிட்டன. சிங்கம் கழுத்தைப் பிடித்துக் கொல்லும், கழுதைப்புலி அப்படியில்லை, உயிர் இருக்கும்போதே தின்னத் தொடங்கிவிடும். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. சின்னவள் என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். யாரும் சொல்லாமலே டிரைவர் வண்டியைத் திருப்பிவிட்டார். மூத்தவன் ஒன்றும் பேசவில்லை. இயற்கை இப்படித்தான் என்று அந்த நேரத்தில் பாடம் எடுக்க எனக்கு மனம் வரவில்லை, முதுகைத் தடவிக்கொண்டு மட்டும் இருந்தேன். "அதுங்க கெட்டதும்மா" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. கிளம்புவதற்கு முன்பே வீட்டில் உட்கார வைத்து, அங்கே ஒரு மிருகம் இன்னொன்றைக் கொல்வதைப் பார்க்க நேரலாம், பிடிக்கவில்லை என்றால் சொல்லு, உடனே போய்விடலாம் என்று நான் பேசியிருக்க வேண்டும். நீங்கள் பேசிவிடுங்கள். அன்று மத்தியானமே முகாமுக்குத் திரும்பிவிட்டோம், அவள் நோட்டில் அந்தத் தேதிக்குக் கீழே ஒன்றும் எழுதவில்லை.

மறுநாள் டிரைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஒரு இடம் காட்டட்டுமா என்று கேட்டார். அரை மணி நேரம் ஓட்டிப்போய் ஒரு மேட்டுக்குக் கொஞ்சம் தள்ளி நிறுத்தினார். மண்ணில் ஒரு பொந்து, வாசலில் ஒரு கழுதைப்புலி சாய்ந்து படுத்திருந்தது, அதன் வயிற்றருகே கரிக்கட்டை மாதிரி கறுப்பாக இரண்டு குட்டிகள். ஒன்று பால் குடித்துக்கொண்டிருந்தது. இன்னொன்று அம்மாவின் காதைக் கடித்து இழுத்தது, அம்மா பேசாமல் படுத்திருந்தது. சின்னவள் முதலில் எட்டிப் பார்க்க மாட்டேன் என்றாள். அண்ணன் பைனாகுலரைக் கொடுத்தான். அப்புறம் அவளிடமிருந்து அதைத் திரும்ப வாங்க முடியவில்லை.

திரும்பும் விமானத்தில் விளக்கை அணைத்த பிறகு தன் சீட்டுக்கு மேலே இருந்த சின்ன விளக்கைப் போட்டுக்கொண்டு, அவள் நோட்டில் காலியாக விட்டிருந்த பக்கத்தைத் தேடி எடுத்து எழுதினாள். தூங்கின பிறகு எடுத்துப் பார்த்தேன். "கழுதைப்புலிக்கு ரெண்டு குட்டி. அதுக்கும் பசிக்கும்."